பாடலைக் கேட்க விரும்பியவர்கள்

முதல் வரியில் பாடல். அடுத்த வரியில் படம். அதன் கீழே பெயர்கள். பெயர்களின் கீழே தோட்டம், டிவிஷன், பத்தாங் பெர்ஜுந்தை, சிலாங்கூர். இவ்வளவும் ஒரே தபால் அட்டையில் அடங்க வேண்டும். எழுத்து பெரிதானால் பெயர்கள் குறையும். சிறிதானால் வாசிக்கிற அறிவிப்பாளர் தடுமாறுவார். என் அம்மாவுக்கு எழுதத் தெரியாது. மலேசிய ரப்பர்த் தோட்டமொன்றின் தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்த எனக்குக் கையெழுத்து நன்றாக இருந்தது. ஆகவே வானொலியின் நேயர் விருப்பத்துக்கு அட்டை எழுதுவது, 1985இல், என் பதினொன்றாம் வயதில், என் வேலையாயிற்று.

விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், ரப்பர் மரத்தின் பட்டையை வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டுக் குளித்துச் சமைத்த பிறகு, பிற்பகலில் பெண்கள் எங்கள் வீட்டு முன்நடையான அஞ்சடியில் வந்து உட்காருவார்கள். அவர்கள் நடுவில் நான் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பேன். பாடலைத் தேர்ந்தெடுக்க அதிக நேரம் ஆகாது. மூன்று நான்கு நாளாகவே அது முடிவாகியிருக்கும். பெயர்களை வரிசைப்படுத்துவதில்தான் சிரமம். யார் பெயர் முதலில் வருவது? வயதுப்படியா, லயத்தின், அதாவது எங்கள் தொடர்வீடுகளின், வரிசைப்படியா, சென்ற முறை யார் கடைசியில் இருந்தார்களோ அவர்களிலிருந்தா? அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு முறை இடம் போதாமல் மேட்டு லயத்து அத்தையின் பெயர் விடுபட்டுப் போனது. அட்டை வாசிக்கப்பட்ட அன்றிலிருந்து இரண்டு வாரம் அத்தை எங்கள் வாசல் பக்கம் வரவில்லை. அவர் கோபத்தின் நியாயம் அந்த வயதிலேயே எனக்குப் புரிந்தது. தோட்டத்தில் எங்கள் பெயர்கள் வருகையைப் பதியும் செக்ரோல் புத்தகத்தில்தான் இருந்தன. காலையில் தோட்ட எழுத்தரான கிராணியார் கூப்பிட்டால் 'இருக்கிறேன்' என்று சொல்வதற்காக. வானொலியில் மட்டும்தான் அந்தப் பெயர்கள் ஒரு விருப்பத்தோடு சேர்த்து வாசிக்கப்பட்டன. 'இப்பாடலைக் கேட்க விரும்பியவர்கள்' என்று தொடங்கும் அந்தக் குரலைக் கேட்டதும் லயமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்த அட்டையில் அத்தையின் பெயர்தான் முதலில் வந்தது.

அவர்களுடைய பெயர்களை இங்கே நான் எழுதப்போவதில்லை. அவை ஒரு பாட்டுக்கு முன்னால் வாசிக்கப்படுவதற்காக என்னிடம் கொடுக்கப்பட்டவை.

அந்த ஆண்டு எங்கள் வீட்டில் ஒரு பெரிய வழக்கு நடந்தது. 'முதல் மரியாதை' பாடல்கள் வானொலியில் வரத் தொடங்கியிருந்தன. 'பூங்காற்று திரும்புமா' என்ற பாடலை அட்டையில் எழுத வேண்டும் என்றார் அம்மா. அப்பா கூடாது என்றார். அப்பா டி.எம்.சௌந்தரராஜனின் ரசிகர். ரசிகர் என்ற சொல் அவருக்குப் போதாது. 1954இல் வந்த 'தூக்குத் தூக்கி'யிலிருந்து சிவாஜி என்றால் டி.எம்.எஸ். குரல் என்பது அவருக்குக் கிழக்கே சூரியன் உதிப்பதைப் போன்ற விஷயம். 1971இலேயே 'சுமதி என் சுந்தரி'யில் எஸ்.பி.பாலசுப்ரமணியம் சிவாஜிக்குப் பாடிவிட்டார் என்று அண்ணன் எடுத்துக் காட்டினால், "அது ஒரு பாட்டு" என்று அப்பா முடித்துவிடுவார். இப்போது சிவாஜி வயதான ஊர்ப்பெரியவராக நடித்திருக்கும் படத்தில் மலேசியா வாசுதேவன் பாடியிருக்கிறார். "இது பாடுகிற குரல் இல்லை, பேசுகிற குரல்" என்றார் அப்பா. அவர் மொழியில் அது கடுமையான குற்றச்சாட்டு.

அம்மா வாதாடவில்லை. அட்டையை எழுதச் சொன்னார்.

அது வாசிக்கப்பட்ட நாளில் அப்பா வீட்டில்தான் இருந்தார். எங்கள் லயத்தில் ஒவ்வொரு வீட்டு வானொலியும் ஒரே அலைவரிசையில்தான் நிற்கும். குழாயடியிலிருந்து கடைசி வீடு வரை நடந்து போனால் பாட்டின் ஒரு சொல்லும் தப்பாது. அன்று நான் நடக்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பாட்டில் ஆணின் குரல் கேள்வி கேட்கிறது. ஜானகியின் குரல் எங்கோ தொலைவிலிருந்து பதில் சொல்கிறது. டி.எம்.எஸ். பாடினால் ஒவ்வொரு சொல்லும் வெண்கல மணியில் பட்டுத் தெறிக்கும். அரங்கின் கடைசி வரிசைக்கும் போய்ச் சேரும். வாசுதேவன் குரல் அப்படிப் போவதில்லை. சற்றுக் கரகரப்பும் களைப்புமாக, பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதைப் போல வருகிறது. ஊரே மதிக்கும் ஒரு மனிதர் தன் வீட்டுக்குள் யாரிடமும் சொல்ல முடியாததைக் காற்றிடம் கேட்டால் அந்தக் குரலில்தான் கேட்பார். பாட்டு முடிந்தது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். சில மாதங்கள் கழித்து ஒருநாள், பால் லாரியில் கூட வேலை செய்யும் மாமாவிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "பேசுகிற குரல் அது. அதனால்தான் அந்தப் பாட்டுக்கு அதைப் போட்டிருக்கிறார் இளையராஜா." அதே சொற்கள்தான்.

ஒருவர் தன் ரசனையை இப்படி மாற்றிக்கொள்வது எளிதல்ல என்று இப்போது தெரிகிறது. அப்பா டி.எம்.எஸ்.ஸைக் கைவிடவில்லை. தன் நெஞ்சில் இன்னொரு நாற்காலி போட்டார்.

ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிலாங்கூர் ஆற்றின் கரையில் இருக்கும் சிறிய தோட்டத்து நகரம் பத்தாங் பெர்ஜுந்தை. மலேசியாவில் வணிக முறையில் எண்ணெய் தரும் செம்பனை முதன்முதலில் பயிரிடப்பட்டது இங்கேதான். 1917இல், தென்னமரம் தோட்டத்தில். பெயரே தமிழில் இருக்கும் தோட்டம். 2007இல் நகரத்தின் பெயரை பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள். எங்கள் தோட்டம் ரப்பர்த் தோட்டமாக இருந்தது. சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி நகரத்துக்கு வருவோம். கடைவரிசையின் கோடியில் ஒரு கேசட் கடை. அறுபது நிமிட வெற்றுக் கேசட்டை வாங்கி, பாடல் பட்டியலோடு கொடுத்தால் கடைக்கார அண்ணன் பதிவு செய்து தருவார். ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஆறு பாட்டு அடங்கும், கடைசியில் இரண்டு மூன்று நிமிடம் மிஞ்சும். மற்ற கடைகளில் அந்த இடத்தில் ஏழாவது பாட்டைத் தொடங்கிப் பாதியில் அறுத்துவிடுவார்கள். இந்த அண்ணன் அதைச் செய்யவே மாட்டார். மிஞ்சிய நாடாவை வெறுமையாக விடுவார். "பாதிப் பாட்டு கேட்டவனுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்காது" என்பார்.

அவர்தான் எனக்குக் கேட்கக் கற்றுக் கொடுத்தவர். ஒருநாள் ஒலியை நன்றாகக் குறைத்துவிட்டு, "பாடகரை விட்டுவிடு. கீழே என்ன நடக்கிறது, சொல்" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுபடியும் போட்டார். மூன்றாவது முறை கேட்டது: பேஸ் கிதார், தாளத்துக்குத் துணையாக மட்டும் நிற்காமல், பாட்டுக்கு அடியில் தனியாக இன்னொரு பாட்டைப் பாடிக்கொண்டு போனது. நூறு முறை கேட்ட பாடல் அது. வீட்டுக்கு வந்து அண்ணனைப் பிடித்து உட்காரவைத்து அதையே செய்தேன். அவன் மறுநாள் பந்து விளையாடும் திடலில் தன் நண்பர்களுக்குச் சொன்னான். ஒரே வாரத்தில் எங்கள் தோட்டத்துப் பையன்கள் எல்லாரும் பேஸ் கிதாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கேட்டதை அடுத்தவருக்குக் கொடுக்காமல் இருக்க எங்களால் முடிந்ததே இல்லை.

படங்கள் வேறு வழியில் வந்தன. திடலில் இரண்டு கம்பம் நட்டு, வெள்ளைத் துணி கட்டிக் காட்டுவார்கள். மலாய்க்காரர்கள் இதை வாயாங் பாச்சாக் என்பார்கள். பாயும் தலையணையுமாகப் போவோம். இடம் கிடைக்காதவர்கள் திரைக்குப் பின்பக்கம் உட்கார்ந்து, எழுத்துகள் இடவலம் மாறித் தெரிவதைப் பொருட்படுத்தாமல் பார்ப்பார்கள். ஒருமுறை, அம்மாவும் மற்றவர்களும் மாதக் கணக்காக அட்டை போட்டுக் கேட்டுவந்த பாடல் திரையில் வந்த நேரத்தில் ரீல் அறுந்துவிட்டது. வெளிச்சம் போய், ஓட்டுகிறவர் டார்ச் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு ஒட்டத் தொடங்கினார். கூட்டம் கத்தவில்லை. மேட்டு லயத்து அத்தை விட்ட இடத்திலிருந்து பாட்டை எடுத்தார். மற்றப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். முதல் சரணம், பின்னணி இசைக்குப் பதிலாக ஒரு முனகல், இரண்டாம் சரணம், மறுபடியும் பல்லவி. படம் திரும்பி வந்தபோது பாட்டு முடிந்து அடுத்த காட்சி ஓடியது. அந்தப் பாடல் காட்சியை இன்றுவரை நான் பார்க்கவில்லை. இணையத்தில் தேடினால் ஒரு நிமிடத்தில் கிடைக்கும். வேண்டாம் என்று வைத்திருக்கிறேன்.

தொண்ணூறுகளில் தோட்டம் போயிற்று. ரப்பர் மரங்களைச் சாய்த்தார்கள், நிலம் கைமாறியது, வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. அதைப் பற்றி எழுத வேறொரு கட்டுரை வேண்டும். ரவாங், காப்பார், கிள்ளான், பூச்சோங் என்று ஆளுக்கொரு திசையாகப் போனோம். எங்கள் குடும்பம் மட்டும் இதே நகரத்தில் ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், மலிவு விலை வீடு வாங்கித் தங்கியது. போனவர்களின் முகவரி யாரிடமும் இல்லை. பலர் புறப்பட்டபோது போகிற இடத்து வீட்டு எண்ணைக்கூட அறியாமல்தான் லாரியில் சாமான் ஏற்றினார்கள்.

ஏழெட்டு மாதம் இருக்கும். ஒரு பிற்பகல், துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். வானொலியில் அத்தையின் பெயர். அவர் கணவர் பெயர், பிள்ளைகள் பெயர்கள், கடைசியில் 'காப்பார்'. தொடர்ந்து 'பூங்காற்று திரும்புமா'.

அது எங்களுக்கு அனுப்பப்பட்ட கடிதம் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. அன்று மாலையே அட்டை வாங்கி வரச் சொன்னார். அதே பாட்டு, எங்கள் பெயர்கள், தாமானின் பெயர், பத்தாங் பெர்ஜுந்தை. அதற்குப் பிறகு ஒவ்வொருவராகக் கிடைத்தார்கள். பால் ஸ்டோர் மாமா கிள்ளானிலிருந்து ஒரு பழைய டி.எம்.எஸ். பாடலைக் கேட்டார், அது அப்பாவுக்கு. கிராணியார் வீட்டு அக்கா ஈப்போவுக்குக் கல்யாணமாகிப் போன செய்தியும் ஒரு பாட்டின் தோளேறித்தான் வந்தது. இசை ரசிகர்கள் என்றால் பாடகரைப் பார்த்துக் கைதட்டுகிற கூட்டம் என்று எண்ணுகிறவர்களுக்கு இதை எப்படி விளக்குவது? யாருக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்று தெரிந்திருந்ததால்தான் நாங்கள் ஒருவரையொருவர் தொலைக்கவில்லை. பெயரைச் சரியாகக் காதில் வாங்காவிட்டால்கூடப் பாட்டைக் கேட்டே ஆளைச் சொல்லிவிடுவார் அம்மா.

வாசுதேவனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இந்த மண்ணில் பிறந்து, சென்னைக்குப் போய், தன் பெயருக்கு முன்னால் இந்த நாட்டின் பெயரைச் சுமந்துகொண்டே பாடியவர். 1977இல் '16 வயதினிலே'யில் பாடினார். பிறகு ரஜினிகாந்துக்காக அவர் பாடியவற்றுக்குத் திருவிழா ஒலிபெருக்கிகளே சாட்சி. அதே குரல் 1981இல் 'பன்னீர் புஷ்பங்கள்' படத்தின் 'கோடைகாலக் காற்றே'யில் எவ்வளவு மெல்லியதாகிவிடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். படத்தில் எழுத்துகள் ஓடும்போது 'மலேசியா' என்ற சொல் திரையில் வந்தால் எங்கள் திடலில் விசில் பறக்கும். மற்றப் பாடகர்களை நாங்கள் விரும்பினோம். இவரை எங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போன பிள்ளையைப் போல நினைத்தோம். 2011 பிப்ரவரி 20 அன்று அவர் மறைந்த செய்தி வந்தபோது அப்பா அன்றிரவு சாப்பிடவில்லை. அடுத்த ஆண்டு அப்பாவும் போய்விட்டார். டி.எம்.எஸ். மறைந்த 2013 மே மாதத்தை அவர் பார்க்கவில்லை. அது ஒரு வகையில் நல்லது என்றே இன்னும் நினைக்கிறேன்.

அப்பாவின் காது கடைசிவரை திறந்தே இருந்தது. 2006இல் யோகி பி அண்ட் நட்சத்ராவின் 'வல்லவன்' ஆல்பம் வந்தது. அதில் 'மடை திறந்து' பாடலைத் தம்பி வீட்டில் ஓட விட்டான். 1980இல் 'நிழல்கள்' படத்துக்காக இளையராஜா அமைத்து எஸ்.பி.பி. பாடிய பாடல், எங்கள் நாட்டுப் பையன்களின் ராப்போடு. அப்பா திட்டப்போகிறார் என்று எல்லாரும் காத்திருந்தோம். முழுவதையும் கேட்டுவிட்டு, "இதுவும் பேசுகிற குரல்தான். என்ன பேசுகிறான் என்று கேட்போம், மறுபடியும் போடு" என்றார்.

2020 செப்டம்பர் 25. எஸ்.பி.பி. மறைந்த அந்த வெள்ளிக்கிழமை, நோய்த்தொற்றுக் காலம். யாரும் யார் வீட்டுக்கும் போய் அழ முடியவில்லை. தோட்டத்துப் பெண்கள் கைப்பேசியில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அன்று அதில் யாரும் எழுதவில்லை. ஒருவர் மாற்றி ஒருவர் தங்கள் குரலிலேயே அவருடைய பாடல்களின் பல்லவிகளைப் பாடி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நள்ளிரவுவரை வந்தது. சுருதி விலகிய, மூச்சு வாங்கும், எழுபது வயதுக் குரல்கள். அவற்றை நான் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

2023 ஜனவரியில் ஏ.ஆர்.ரகுமானின் கச்சேரி புக்கிட் ஜாலில் தேசிய விளையாட்டரங்கில் நடந்தது. தம்பி மகன் டிக்கெட் எடுத்தான். 'ரோஜா' வந்த 1992இல் எங்கள் லயத்தில் அந்தக் கேசட் தேயத் தேய ஓடியதை அவனுக்கு நான்தான் சொல்லியிருந்தேன். "பாட்டியும் வரட்டும், அத்தை" என்றான். எழுபத்தாறு வயதில், முழங்கால் வலியோடு, அம்மா ஒரு பேச்சும் இல்லாமல் சேலை கட்டிக்கொண்டு புறப்பட்டார். மேடை எங்களுக்கு உள்ளங்கை அளவுதான் தெரிந்தது. பெரிய திரையில் பார்த்தோம். எனக்கு அன்று மிகவும் பிடித்தது மேடையில் நடந்ததல்ல. பாட்டின் முன்னிசை முதல் இரண்டு நொடி வந்ததும், பாடகர் வாய் திறப்பதற்கு முன்பே, அந்தப் பெரும் கூட்டம் இன்ன பாட்டென்று கண்டுகொண்டு எழுப்பிய ஒலி. எங்கள் லயத்தில் ஒவ்வொரு வீட்டு வானொலியும் ஒரே பாட்டைப் பாடியதை நான் நினைத்துக்கொண்டேன். அம்மாவும் அதைத்தான் நினைத்திருப்பார், என் கையைப் பிடித்து அழுத்தினார்.

திரும்பும்போது புக்கிட் ஜாலில் எல்.ஆர்.டி. நிலையத்தில் நகர முடியாத நெரிசல். படிக்கட்டின் ஓரத்தில் அம்மாவை உட்காரவைத்தோம். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கடைசியில் அருகில் வந்து, "பெர்ஜுந்தையா?" என்று கேட்டாள். பால் ஸ்டோர் மாமாவின் கடைசி மகள். தோட்டத்தை விட்டுப் போனபோது அவளுக்குப் பத்து வயதுகூட இருக்காது. அம்மாவின் முகம் அவளுக்கு நினைவில் இல்லையாம். கூட்டத்தோடு சேர்ந்து அம்மா முணுமுணுத்துக்கொண்டிருந்த விதம், சரணத்தின் கடைசிச் சொல்லை விழுங்கிவிடும் அந்தப் பழக்கம், அதைத்தான் அவள் அடையாளம் கண்டிருக்கிறாள். "குழாயடியில் இப்படித்தானே பாடுவீர்கள், பெரியம்மா" என்றாள். இரண்டு ரயில்களை விட்டுவிட்டோம்.

சென்ற மாதம் அம்மாவின் பிறந்தநாள். வானொலிக்கு இப்போது தபால் அட்டை தேவையில்லை. கைப்பேசியில் பேசி அனுப்பினால் போதும். பாடல் என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். முதல் பெயர் மேட்டு லயத்து அத்தை.

"அம்மா, அத்தை இறந்து நான்கு வருடம் ஆகிறது."

"கேட்க விரும்பியவர்கள் என்றுதானே வாசிக்கிறார்கள்? அவள் விரும்பினாளா இல்லையா?"

சேர்த்தேன். அப்பாவையும் சேர்த்தேன். கடைசியில் ஊர் பெயரை பெஸ்தாரி ஜெயா என்று சொல்லி முடித்தபோது அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். அழித்துவிட்டு முதலிலிருந்து பேசச் சொன்னார். பத்தாங் பெர்ஜுந்தை என்று சொன்னால்தான், எங்கே இருந்தாலும், கேட்கிறவர்களுக்குத் தெரியும் என்றார். மறுபடியும் பேசி அனுப்பினேன்.

மறுநாள் பிற்பகல் வாசித்தார்கள். அறிவிப்பாளர் இளம் பெண். பழைய ஊர்ப்பெயரில் சற்றே தடுக்கி, சரியாகவே சொன்னாள். அம்மா பெயர்களை விரல் மடக்கி எண்ணிக்கொண்டு வந்தார். எதுவும் விடுபடவில்லை. வாசுதேவனின் குரல் தொடங்கியது. முதல் சரணம் பாதியில் இருக்கும்போது மேசைமேல் இருந்த கைப்பேசி ஒலித்தது. நாங்கள் அறியாத எண். நான் எடுக்கப் போனேன். ஜானகி பதில் சொல்லி முடிக்கட்டும் என்று அம்மா கையைக் காட்டினார்.